லேப்டாப் கீபோர்டு மக்கர் பண்ணுகிறதா? கடைக்குப் போகும் முன் நீங்களே செய்து பார்க்க வேண்டிய சோதனைகள்

காலை 10 மணிக்கு மீட்டிங். 9.40-க்கு லேப்டாப்பைத் திறக்கிறீர்கள். பாஸ்வேர்டில் இருக்கும் ஓர் எழுத்து மட்டும் விழவே மாட்டேன் என்கிறது. அழுத்திப் பார்க்கிறீர்கள், தட்டிப் பார்க்கிறீர்கள், இரண்டு முறை ஊதியும் பார்த்தாயிற்று. ம்ஹூம்.

சென்னையிலோ பெங்களூருவிலோ இருந்தால் மதியத்துக்குள் ஏதாவது ஒரு சர்வீஸ் சென்டருக்கு ஓடிவிடலாம். சந்திரகிரி போன்ற ஊரில் இருந்துகொண்டு சென்னை கம்பெனிக்கு வேலை பார்ப்பவர் என்றால் கணக்கே வேறு. திருப்பதி 15 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, சரி. ஆனால், உங்கள் மாடலுக்கான கீபோர்டு அங்கே இருப்பு இல்லை என்றால் சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டும், அல்லது நீங்களே ஏறக்குறைய 150 கிலோமீட்டர் போக வேண்டும். பாகாலா, சித்தூர் வழியாகக் காட்பாடிக்கு ரயில் பிடித்து வேலூருக்குப் போனாலும் ஒரு நாள் சம்பளம் போய்விடும்.

அதனால்தான் கிளம்பும் முன் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. 'கீபோர்டு போச்சு' என்று நாம் நினைக்கும் சிக்கல்களில் சில, உண்மையில் ஒரு செட்டிங் மாறியதால் வருபவை. சில, ஒரு துகள் தூசியால் வருபவை. சிலவற்றுக்கு மட்டும்தான் புது கீபோர்டு தேவை. எது உங்களுடையது என்று கண்டுபிடிக்க அரை மணி நேரமும், யாரிடமாவது இரவல் வாங்கிய ஒரு யுஎஸ்பி கீபோர்டும் போதும்.

லாக்-இன் பண்ணவே முடியவில்லை என்றால்?

முதலில் உள்ளே போகும் வழியைப் பார்ப்போம். விண்டோஸ் லாக்-இன் திரையில் கீழே வலது மூலையில் ஒரு மனித உருவம் போன்ற 'ஆக்சஸிபிலிட்டி' ஐகான் இருக்கும். அதை மவுஸால் கிளிக் செய்து 'ஆன்-ஸ்கிரீன் கீபோர்டு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். திரையிலேயே ஒரு கீபோர்டு வரும். வேலை செய்யாத எழுத்தை அதில் கிளிக் செய்து பாஸ்வேர்டைப் போட்டுவிடலாம்.

அதே மூலையில் எந்த மொழி ஓடுகிறது என்றும் சின்னதாகக் காட்டும். இங்கிலீஷில் இருக்க வேண்டியது தமிழிலோ தெலுங்கிலோ இருந்தால், சரியான பாஸ்வேர்டும் தவறாகத்தான் தெரியும். பல முறை தப்பாகப் போட்டு அக்கவுன்ட் லாக் ஆகும் முன் அதை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

கோளாறு எங்கே இருக்கிறது?

நீங்கள் ஒரு கீயை அழுத்துவதற்கும் திரையில் எழுத்து வருவதற்கும் நடுவில் மூன்று அடுக்குகள் இருக்கின்றன. முதலாவது, விரல் படும் இடம்: பிளாஸ்டிக் மூடி, அதன் கீழே கத்தரிக்கோல் வடிவ கிளிப், ரப்பர் குமிழ், மின் இணைப்புப் புள்ளி. இரண்டாவது, வயரிங்: கீபோர்டுக்குள் ஓடும் மெல்லிய மின்தடங்கள், அவற்றை மதர்போர்டுடன் இணைக்கும் ரிப்பன் கேபிள். மூன்றாவது, சாஃப்ட்வேர்: டிரைவர், மொழி செட்டிங், மற்ற வசதிகள்.

எந்த அடுக்கு என்று தெரியாமல் கடைக்குப் போனால், செட்டிங் கோளாறுக்குப் புது கீபோர்டு போட்டுவிட்டு வரும் அபாயம் உண்டு. அதைத் தவிர்க்க மூன்று சோதனைகள்.

சோதனை 1: ரீஸ்டார்ட். சிரிக்காதீர்கள், இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி இயங்கினால், 'ஷட் டவுன்' கொடுத்தாலும் கம்ப்யூட்டர் முழுதாக அணையாது. சிஸ்டத்தின் நிலையில் ஒரு பகுதியைச் சேமித்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை அதையே எடுத்துக்கொள்ளும். பழைய கோளாறும் கூடவே வரலாம். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

அதிலும் சரியாகவில்லையா? லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பிறகு ஆன் செய்யுங்கள். கீபோர்டைக் கவனிக்கும் சின்ன கன்ட்ரோலர் சிப் சிக்கிக்கொண்டிருந்தால் பல மாடல்களில் இது அதை விடுவிக்கும்.

சோதனை 2: வெளி கீபோர்டு. யுஎஸ்பி கீபோர்டு ஒன்றைச் செருகுங்கள். அதிலும் அதே கோளாறு வந்தால், லேப்டாப் கீபோர்டு நிரபராதி, சிக்கல் சாஃப்ட்வேரில். வெளி கீபோர்டு ஒழுங்காக வேலை செய்தால், சந்தேகம் லேப்டாப் கீபோர்டின் மீதும் அதன் இணைப்பின் மீதும் திரும்புகிறது.

சோதனை 3: விண்டோஸுக்கு வெளியே. இதுதான் தீர்ப்பு சொல்லும் சோதனை. லேப்டாப் ஆன் ஆகும்போதே குறிப்பிட்ட ஒரு கீயை அழுத்தினால் 'பயாஸ்' திரைக்குப் போகலாம். டெல், ஏசர், ஏசஸ் லேப்டாப்களில் பெரும்பாலும் எஃப்2; எச்பி-யில் எஃப்10. அங்கே விண்டோஸ் இயங்காது. அதனால் விண்டோஸ் டிரைவரோ மொழி செட்டிங்கோ அங்கே தலையிட முடியாது.

டெல் லேப்டாப்பில் ஆன் செய்யும்போது எஃப்12 அழுத்தினால் வரும் மெனுவிலும், எச்பி-யில் எஸ்கேப் அழுத்திப் பிறகு எஃப்2 அழுத்தினாலும் 'டயக்னாஸ்டிக்ஸ்' வசதி கிடைக்கும். பல மாடல்களில் கீபோர்டுக்கென்றே தனிச் சோதனை அதில் உண்டு. அந்த எஃப் கீயே வேலை செய்யவில்லையா? யுஎஸ்பி கீபோர்டில் அழுத்துங்கள்.

விண்டோஸில் விழாத கீ இங்கே விழுந்தால், ஒரு ரூபாய்கூட செலவழிக்க வேண்டாம், சாஃப்ட்வேரைச் சரிசெய்தால் போதும். இங்கேயும் விழவில்லை என்றால் ஹார்டுவேர். ஒரு எச்சரிக்கை: பயாஸில் எதையும் மாற்றாமல் வெளியே வந்துவிடுங்கள். பிட்லாக்கர் இயங்கும் லேப்டாப்பில் அங்கே சில செட்டிங்குகளை மாற்றினால், அடுத்த முறை 48 இலக்க ரெக்கவரி எண்ணைக் கேட்டு நிற்கும்.

கெட்டுப்போகாத கீபோர்டு ஏன் கெட்டுப்போன மாதிரி நடிக்கிறது?

சாஃப்ட்வேர் பக்கம் என்று தெரிந்துவிட்டதா? வழக்கமாக மாட்டும் ஆசாமிகள் இவர்கள்தான்.

*எழுத்துக்குப் பதில் எண் வருகிறது.* யூ, ஐ, ஓ அழுத்தினால் 4, 5, 6. ஜே, கே, எல் அழுத்தினால் 1, 2, 3. எம் அழுத்தினால் 0. தனி நம்பர் பேட் இல்லாத சில சின்ன லேப்டாப்களில் 'நம் லாக்' ஆன் ஆகிவிட்டால் இப்படி நடக்கும். நம் லாக் கீயை, சில மாடல்களில் எஃப்என் கீயுடன் சேர்த்து, ஒருமுறை அழுத்தினால் சரி.

*ரொம்ப நேரம் அழுத்தினால்தான் எழுத்து விழுகிறது.* வலது பக்க ஷிப்ட் கீயை 8 விநாடி பிடித்துக்கொண்டிருந்தால் 'ஃபில்டர் கீஸ்' வசதியை ஆன் செய்யலாமா என்று விண்டோஸ் கேட்கும். யோசனையில் ஷிப்ட் மேல் கையை வைத்திருந்து, வந்த பெட்டியில் என்டரும் தட்டியிருப்பீர்கள். கை நடுக்கம் உள்ளவர்கள் தவறுதலாகத் தட்டுவதைத் தவிர்க்க வைத்திருக்கும் நல்ல வசதி இது. தேவைப்படாதவருக்கோ கீபோர்டு செத்துவிட்டது போலத் தெரியும். இதேபோல ஷிப்டை 5 முறை தட்டினால் 'ஸ்டிக்கி கீஸ்'. இரண்டையும் செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டி, கீபோர்டு என்ற இடத்தில் அணைக்கலாம்.

*ஷிப்ட்டும் 2-ம் அழுத்தினால் இமெயிலுக்கான @ வரவில்லை, இரட்டை மேற்கோள் குறி வருகிறது.* கீபோர்டு பிரிட்டிஷ் அமைப்புக்கு மாறிவிட்டது. இங்கிலீஷ் இந்தியா அல்லது அமெரிக்க அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது.

*எஃப் வரிசை கீகள் சத்தத்தையும் வெளிச்சத்தையும் மட்டும் மாற்றுகின்றன.* எஃப்என் லாக் மாறியிருக்கிறது. பல லேப்டாப்களில் எஃப்என், எஸ்கேப் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் பழையபடி ஆகிவிடும்.

இவை எதுவுமே இல்லை என்றால் டிரைவரைப் பாருங்கள். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து 'டிவைஸ் மேனேஜர்', அதில் 'கீபோர்ட்ஸ்' என்ற பிரிவு. உங்கள் கீபோர்டை ரைட் கிளிக் செய்து 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் தானாகவே டிரைவரை மறுபடி போட்டுக்கொள்ளும். கம்பெனி லேப்டாப் என்றால் இதற்கு உங்களுக்கு அனுமதி இருக்காது, ஐ.டி. டீமிடம் சொல்லுங்கள்.

ஒரே லேப்டாப்பில் மூன்று மொழி இருந்தால்?

திருப்பதி, சித்தூர் பக்கம் இது சர்வ சாதாரணம். ஆபீஸுக்கு இங்கிலீஷ், வீட்டுக்குத் தமிழ், அரசு அலுவலகத்துக்குத் தெலுங்கு. மூன்றையும் லேப்டாப்பில் ஏற்றி வைத்திருப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். விண்டோஸ் கீயும் ஸ்பேஸ் பாரும் சேர்ந்தால் மொழி மாறும். இடது ஆல்ட், ஷிப்ட் இரண்டையும் சேர்த்து அழுத்தினாலும் மாறலாம். வேகமாக டைப் செய்யும்போது இந்தக் கூட்டணி தெரியாமலே அமைந்துவிடும்.

இதில் தமிழருக்கென்று ஒரு கூடுதல் குழப்பம் உண்டு. மத்திய அரசின் தரமான 'இன்ஸ்கிரிப்ட்' அமைப்பில் இந்திய மொழிகளுக்குப் பொதுவான ஒலிகள் ஒரே கீயில் இருக்கும். தமிழ் என்றாலும் தெலுங்கு என்றாலும் 'க' என்ற ஒலி, ஆங்கில கே கீயில்தான். ஆனால், 1999-இல் சென்னையில் நடந்த 'தமிழ்நெட் 99' மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட 'தமிழ் 99' அமைப்பில் 'க' இருப்பது எச் கீயில். அங்கே கே கீயை அழுத்தினால் 'ம' விழும்.

ஆக, கே அழுத்தி 'ம' வந்தால் கீபோர்டு கெட்டுப்போகவில்லை. இன்ஸ்கிரிப்ட் பழகிய கை, தமிழ் 99-இல் தட்டுகிறது, அவ்வளவுதான். நீங்கள் பயன்படுத்தாத அமைப்புகளை 'லாங்குவேஜ்' செட்டிங்கில் நீக்கிவிட்டால் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும்.

எத்தனை கீ வேலை செய்யவில்லை? எண்ணிப் பாருங்கள்

ஹார்டுவேர்தான் என்று முடிவானால், அடுத்து நோட்டை எடுத்து வேலை செய்யாத கீகளை வரிசையாக எழுதுங்கள். அந்தப் பட்டியலே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

காரணம், கீபோர்டின் வயரிங் முறை. ஒவ்வொரு கீக்கும் தனித்தனி வயர் கிடையாது. கீகள் எல்லாம் கட்டம் போட்ட காகிதத்தில் இருப்பது போல, குறுக்கும் நெடுக்குமாக ஓடும் மின்தடங்களின் சந்திப்பில் இருக்கும். உதாரணத்துக்கு, குறுக்கே 8, நெடுக்கே 16 என்று வைத்தால் மொத்தம் 24 தடங்களிலேயே 128 கீகளைக் கவனித்துக்கொள்ளலாம். ஒரு தடம் அறுந்தால், அதில் இருக்கும் அத்தனை கீகளும் ஒன்றாகச் செத்துப்போகும். கீபோர்டில் அவை பக்கத்து பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை.

இதை வைத்து ஒரு கணக்குப் போடலாம்:

- ஒரே ஒரு கீ மட்டும் விழவில்லை, அல்லது இரண்டு இரண்டாக விழுகிறது: தூசி, பிசுபிசுப்பு, தேய்ந்த குமிழ், உடைந்த கிளிப். சுத்தம் செய்தால் தேற வாய்ப்பு அதிகம்.
- சம்பந்தமே இல்லாத நான்கைந்து கீகள் ஒரே நாளில் போய்விட்டன: மின்தடமோ ரிப்பன் கேபிளோ. ஊதுவதாலும் துடைப்பதாலும் பயன் இல்லை.
- எல்லா கீயும் போய்விட்டது, டச்பேட் மட்டும் ஓடுகிறது: ரிப்பன் கேபிள் கழன்றிருக்கலாம், மதர்போர்டு பக்கமும் கோளாறு இருக்கலாம். கீழே விழுந்த பிறகோ, எதற்காவது திறந்து மூடிய பிறகோ இப்படி ஆனால் முதலில் கேபிளைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். கேபிளைத் திரும்பச் செருகினாலே வேலை முடிந்துவிடலாம்.
- ஒரு எழுத்து தானாக ஓடிக்கொண்டே இருக்கிறது: கீ அமுங்கியபடி சிக்கியிருக்கிறது, அல்லது உள்ளே ஈரம்.

தூசி என்றால் எப்படிச் சுத்தம் செய்வது?

லேப்டாப்பை முழுதாக அணைத்து, சார்ஜரைக் கழற்றுங்கள். சாய்வாகப் பிடித்துக்கொண்டு, காற்று அடிக்கும் ஸ்பிரே கேனால் கீகளின் இடைவெளியில் பக்கவாட்டாக அடியுங்கள். கேனைத் தலைகீழாகப் பிடிக்காதீர்கள், உள்ளே இருக்கும் திரவம் வெளியே வரும். மென்மையான பெயின்ட் பிரஷும் உதவும்.

பிசுபிசுப்பு இருந்தால், மருந்துக் கடையிலோ எலக்ட்ரானிக்ஸ் கடையிலோ கிடைக்கும் ஐசோபுரோப்பில் ஆல்கஹாலைப் பஞ்சு முனையில் லேசாகத் தொட்டுத் துடையுங்கள். நேரடியாக ஊற்ற வேண்டாம். கைக்குப் போடும் சானிடைசர் ஜெல் இதற்கு ஆகாது. அதில் கிளிசரின் போன்றவை சேர்ந்திருக்கும், காய்ந்தபின் பிசுக்கு மிஞ்சும்.

கீயை நெம்பி எடுக்கலாமா என்று கேட்டால், முடிந்தவரை வேண்டாம். கீழே இருக்கும் பிளாஸ்டிக் கிளிப் தீக்குச்சியைவிட மெல்லியது. ஸ்பேஸ் பார், என்டர், ஷிப்ட் போன்ற பெரிய கீகளின் கீழே பெரும்பாலும் கம்பியும் இருக்கும். அவசரத்தில் நெம்பினால் ஒரு கீ கோளாறு இரண்டு கீ கோளாறாகிவிடும்.

டீ, காபி, மழைத் தண்ணீர் பட்டால்?

இங்கே முதல் ஒரு நிமிடம்தான் முக்கியம். ஃபைலைச் சேவ் பண்ணக்கூட நிற்காதீர்கள். சுவிட்ச்சை அணைத்து சார்ஜரைக் கழற்றுங்கள், பவர் பட்டனை அழுத்திப் பிடித்து லேப்டாப்பை அணையுங்கள். பிறகு முழுதாக விரித்து, கீபோர்டு கீழ்நோக்கி இருக்கும்படி கூடாரம் போலத் துண்டின் மேல் கவிழ்த்து வையுங்கள். உள்ளே இறங்கிய திரவம் மதர்போர்டு பக்கம் போகாமல் வெளியே வடியட்டும்.

அரிசி மூட்டையில் வைப்பது வேலைக்கு ஆகாது. அரிசி உள்ளே இருக்கும் ஈரத்தை இழுக்காது, மாவும் தூசியும்தான் சேரும். ஹேர் டிரையரும் வேண்டாம். சூடு ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் வளைக்கும், காற்று ஈரத்தை இன்னும் உள்ளே தள்ளும்.

வெறும் தண்ணீரைவிடச் சர்க்கரை போட்ட டீ ஆபத்து. தண்ணீர் காய்ந்துவிடும், பாலும் சர்க்கரையும் உள்ளேயே தங்கி மின்தடங்களை அரிக்கும். இன்று வேலை செய்யும் லேப்டாப் இரண்டு வாரம் கழித்துச் சாவது இதனால்தான். அதனால், டீ கொட்டிய லேப்டாப் தானாக ஆன் ஆகிவிட்டாலும் ஒரு டெக்னீஷியனிடம் கொடுத்துத் திறந்து சுத்தம் செய்வது நல்லது. 2021 நவம்பரில் திருப்பதி, சந்திரகிரி வட்டாரத்தில் வந்த வெள்ளம் போன்ற நேரத்தில் நனைந்த லேப்டாப் என்றால், 'வேலை செய்கிறதா பார்ப்போம்' என்று சார்ஜரைச் செருகவே கூடாது.

கீபோர்டு மேலே எழும்பியிருக்கிறதா? உடனே நிறுத்துங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

பெரும்பாலான லேப்டாப்களில் லித்தியம் பேட்டரி, கீபோர்டுக்கும் டச்பேடுக்கும் நேர் கீழே இருக்கிறது. பழைய பேட்டரி உள்ளே வாயு சேர்ந்து உப்பும்போது கீபோர்டை மேலே தள்ளும். சில கீகள் கடினமாகும், டச்பேடு கிளிக் ஆகாது, மூடி சரியாகப் பொருந்தாது, மேசையில் வைத்தால் லேப்டாப் ஆடும். பார்க்க வெறும் கீபோர்டு கோளாறு போல இருக்கும். உண்மையில் தீப்பிடிக்கக்கூடிய கோளாறு.

அப்படித் தெரிந்தால் சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள், அணைத்துவிடுங்கள். கீபோர்டை அமுக்கிச் சமன் செய்யப் பார்க்காதீர்கள். பேட்டரியைக் குத்தாதீர்கள், வளைக்காதீர்கள். தீப்பற்றும் பொருள் பக்கத்தில் இல்லாத, வெயில் படாத இடத்தில் வைத்துவிட்டு சர்வீஸ் சென்டரைக் கூப்பிடுங்கள். கழற்றிய பேட்டரியைக் குப்பையில் போடக்கூடாது. 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்திய பேட்டரியைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. சர்வீஸ் சென்டரிலேயே கொடுத்துவிடுங்கள்.

கடையில் கொடுக்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

முதலில், லேப்டாப் யாருடையது? ஆபீஸ் கொடுத்தது என்றால் தெருமுனைக் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். அதில் இருப்பது கம்பெனியின் டேட்டா. வெளியாள் திறந்தது தெரிந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். ஐ.டி. டீமுக்கு டிக்கெட் போட்டுவிட்டு, அதுவரை யுஎஸ்பி கீபோர்டில் ஓட்டுங்கள்.

சொந்த லேப்டாப் என்றால்:

- முக்கியமான ஃபைல்களை பேக்கப் எடுங்கள்.
- பிட்லாக்கர் இருந்தால் ரெக்கவரி எண்ணைப் போனிலோ காகிதத்திலோ குறித்து வையுங்கள்.
- பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். கீபோர்டு மாற்றியபின் சோதிக்க பயாஸ் திரையும் டயக்னாஸ்டிக்ஸும் போதும். லாக்-இன் வேண்டும் என்றால் நீங்களே நேரில் இருந்து போடுங்கள்.
- வாரன்டி இருக்கிறதா என்று சீரியல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளர் தளத்தில் பாருங்கள். இருந்தால் வெளிக்கடையில் திறக்க வேண்டாம். திரவம் கொட்டியது சாதாரண வாரன்டியில் பொதுவாக வராது. 'ஆக்சிடென்டல் டேமேஜ்' பாதுகாப்பு தனியாக வாங்கியிருந்தால் வரும்.
- விலை கேட்கும்போது, "கீபோர்டு தனியா வருமா, மேல் பாடியோட சேர்த்து மாத்தணுமா?" என்று கேளுங்கள். சில மாடல்களில் கீபோர்டைத் தனியே கழற்றி மாட்டலாம். சிலவற்றில் அது மேல் மூடியோடு ரிவெட் அடித்திருக்கும், முழுதாக மாற்ற வேண்டும். செலவு வித்தியாசம் இங்கேதான் வருகிறது.
- ஒரிஜினல் பாகமா, மாற்று பாகமா, எத்தனை நாள் கேரன்டி என்பதை பில்லில் எழுதி வாங்குங்கள்.

தப்பு உங்களுடையதாகவே இல்லாமலும் இருக்கலாம்

ஒரு கீ போனால், 'நான்தான் சாப்பிட்டுக்கொண்டே டைப் பண்ணினேன்' என்று நம்மையே திட்டிக்கொள்வது வழக்கம். வடிவமைப்பிலேயே கோளாறு இருந்த கதையும் உண்டு. ஆப்பிள் 2015-இல் 12 அங்குல மேக்புக்கில் 'பட்டர்ஃபிளை' என்ற புது வகை கீபோர்டைக் கொண்டுவந்தது. மிக மெல்லியது, அழகானது. பிறகு மேக்புக் புரோ, ஏர் மாடல்களுக்கும் அது போனது. விழாத எழுத்து, இரண்டாக விழும் எழுத்து என்று புகார்கள் குவிந்தன.

2018 ஜூனில் ஆப்பிள் ஓர் இலவச சர்வீஸ் திட்டத்தை அறிவித்தது. லேப்டாப் முதலில் விற்கப்பட்ட நாளிலிருந்து 4 ஆண்டுகள் வரை, பாதிக்கப்பட்ட மாடல்களுக்குக் கட்டணம் இல்லை. 2019 மார்ச்சில் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' பத்திரிகையாளர் ஜோனா ஸ்டெர்ன், தன் கீபோர்டில் சரியாக விழாத எழுத்துகளை விட்டுவிட்டே ஒரு கட்டுரையை வெளியிட்டார். தலைப்பிலேயே ஓட்டை. அந்த ஆண்டு நவம்பரில் வந்த 16 அங்குல மேக்புக் புரோவில் ஆப்பிள் பழைய கத்தரிக்கோல் கிளிப் முறைக்கே திரும்பியது. அமெரிக்காவில் வாடிக்கையாளர்கள் தொடுத்த வழக்கில், தவறை ஒப்புக்கொள்ளாமலே 2022-இல் 5 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

இதில் நமக்கு என்ன? இலவசத் திட்டம் அறிவிக்கும் முன் காசு கொடுத்துச் சரிசெய்தவர்கள், பணத்தைத் திரும்பக் கேட்கவும் அந்தத் திட்டத்தில் வழி இருந்தது. பில்லை வைத்திருந்தவர்களால் அதைச் சுலபமாகக் கேட்க முடிந்தது. எந்த பிராண்டாக இருந்தாலும், காசு கொடுக்கும் முன் உங்கள் மாடலுக்கு அப்படி ஏதாவது சர்வீஸ் திட்டம் இருக்கிறதா என்று தயாரிப்பாளர் தளத்தில் பாருங்கள். பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்.

வாரன்டி இருந்தும் இழுத்தடித்தால்?

'சென்னையில் வாங்கினேன், நான் இருப்பது ஆந்திராவில். எங்கே போய் கேட்பது?' என்பது எல்லையோர ஊர்களில் நியாயமாக எழும் கேள்வி. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இதற்கு வழி செய்திருக்கிறது. நீங்கள் வசிக்கும் இடத்துக்கோ வேலை பார்க்கும் இடத்துக்கோ உரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கடை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

அதற்கு முன் படிப்படியாக:

1. தயாரிப்பாளருக்கு எழுத்தில், அதாவது இமெயிலில், புகார் அனுப்புங்கள். வேலை செய்யாத கீகளின் பட்டியல், டயக்னாஸ்டிக்ஸ் திரையின் போட்டோ, பில் மூன்றையும் இணையுங்கள். ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் அனுப்புங்கள். 2020-இன் மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.
2. பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழ், தெலுங்கு உட்பட 17 மொழிகளில் பேசலாம். வழக்குக்குப் போகும் முன்பே கம்பெனியுடன் பேசித் தீர்க்க முயற்சி செய்வார்கள்.
3. அதுவும் பலிக்கவில்லை என்றால் மாவட்ட ஆணையம். ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்னை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும்.

ஃப்ரீலான்ஸ் வேலைக்கு வாங்கிய லேப்டாப் என்றால் 'வணிகப் பயன்பாடு, நீங்கள் நுகர்வோரே இல்லை' என்று எதிர்த்தரப்பு சொல்லிப் பார்க்கலாம். கவலை வேண்டாம். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்கி, தானே பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான் என்று சட்டமே விளக்கம் தந்திருக்கிறது.

இன்னொன்று, மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய 'ரைட் டு ரிப்பேர்' தளம். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ், உதிரிபாகம், வாரன்டி பற்றிக் கம்பெனிகள் தரும் தகவல்களை ஒரே இடத்தில் பார்க்கலாம். இது தகவல் தரும் தளம்தான். பாகம் தந்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் தனிச் சட்டம் அல்ல.

பாகம் வரும்வரை வேலை நடக்க வேண்டுமே?

யுஎஸ்பி கீபோர்டுதான் எளிய வழி. லேப்டாப் கீபோர்டில் ஒரு எழுத்து தானாக ஓடிக்கொண்டே இருந்தால், மைக்ரோசாஃப்ட்டின் இலவச 'பவர்டாய்ஸ்' செயலியில் 'கீபோர்டு மேனேஜர்' மூலம் அந்த கீயை முடக்கலாம். செத்த கீயின் எழுத்தை, நீங்கள் அதிகம் தொடாத வேறொரு கீக்கு மாற்றவும் செய்யலாம். லாக்-இன் திரையில் மட்டும் இது வேலை செய்யாது. அந்த நேரத்துக்கு ஆன்-ஸ்கிரீன் கீபோர்டு இருக்கிறது. நீளமாக எழுத வேண்டியிருந்தால் கூகுள் டாக்ஸின் வாய்ஸ் டைப்பிங்கில் தமிழிலும் தெலுங்கிலும் பேசியே எழுதலாம்.

கடைசியாக, கடைக்குப் போய் என்ன சொல்வது? "கீபோர்டு வேலை செய்யல" என்று மட்டும் சொன்னால், என்ன கோளாறு என்பதை அவர்தான் முடிவு செய்வார். "பயாஸ்லயும் இந்த அஞ்சு கீ விழல, வெளி கீபோர்டு நல்லா ஓடுது, தண்ணி எதுவும் படல, முதல்ல ரிப்பன் கேபிளைப் பாருங்க" என்று சொல்லிப் பாருங்கள். எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்தே கொடுப்பீர்கள்.